இட்லி மாவில் உளுந்து 25 சதவீதமா, 20 சதவீதமா? விகிதக் கணக்கில் பலரும் செய்யும் தவறு!

'நாலு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து.' பல வீடுகளில் இட்லி மாவுக்கு இதுதான் கணக்கு. அப்படின்னா, அந்தக் கலவையில் உளுந்து எத்தனை சதவீதம்? "நாலுக்கு ஒண்ணு, அப்போ கால் பங்கு, 25 சதவீதம்" என்று சட்டென சொல்லிவிடுவோம். ஆனால் சரியான விடை 20 சதவீதம்.

தவறு எங்கே நடக்கிறது?

4:1 என்பது அரிசியையும் உளுந்தையும் ஒப்பிடும் விகிதம். அரிசியோடு ஒப்பிட்டால் உளுந்து கால் பங்குதான். ஆனால் கேள்வி மொத்தக் கலவையைப் பற்றியது. மொத்தம் 4 + 1 = 5 டம்ளர். அதில் உளுந்து ஐந்தில் ஒரு பங்கு, அரிசி ஐந்தில் நான்கு பங்கு. அதாவது 20 சதவீதம், 80 சதவீதம்.

கணக்கிடுவது எப்படி?

* விகிதத்தில் உள்ள எண்களை எல்லாம் கூட்டுங்கள்.
* ஒரு பொருளின் எண்ணை அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்தால் பின்னம் கிடைக்கும்.
* அதை 100-ஆல் பெருக்கினால் சதவீதம்.

எல்லா சதவீதங்களையும் கூட்டினால் 100 வரணும். வரலைன்னா எங்கோ பிசகு என்று அர்த்தம்.

விசேஷத்துக்கு மொத்தமாக அரைக்கும்போது?

எடைக் கணக்கில் 4:1 விகிதத்தில் 10 கிலோ வேண்டும் என்றால், அரிசி 8 கிலோ, உளுந்து 2 கிலோ. '25 சதவீதம்' என்று நினைத்து இரண்டரை கிலோ உளுந்து போட்டால் அரிசி ஏழரை கிலோதான். விகிதம் 3:1 ஆகி, மாவின் பதமே மாறிவிடும். அதேபோல, ஒன்றை டம்ளரிலும் இன்னொன்றை கிலோவிலும் அளக்கக் கூடாது.

உயிர் காக்கும் கலவையிலும் இதே கணக்குதான்

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கப்படும் ஓ.ஆர்.எஸ். கரைசலுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு:

* குளுக்கோஸ் - 13.5 கிராம்
* ட்ரைசோடியம் சிட்ரேட் - 2.9 கிராம்
* உப்பு - 2.6 கிராம்
* பொட்டாசியம் குளோரைடு - 1.5 கிராம்

மொத்தம் 20.5 கிராம். மேலே சொன்ன முறையில் போட்டால் குளுக்கோஸ் சுமார் 66, சிட்ரேட் 14, உப்பு 13, பொட்டாசியம் குளோரைடு 7 சதவீதம். கூட்டினால் 100.

இந்தப் பொடியை அரை லிட்டரில் கரைத்தால் என்ன ஆகும்? பொடிக்குள் உப்பு அதே 13 சதவீதம்தான். ஆனால் பொடிக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதம் மாறிவிட்டது. லிட்டருக்கு 2.6 கிராம் இருக்க வேண்டிய உப்பு 5.2 கிராம், அதாவது இரட்டிப்பு. ஏற்கெனவே நீர்ச்சத்து இழந்த குழந்தைக்கு இது ஆபத்து. தண்ணீர் அதிகமானால் கரைசல் நீர்த்துப்போய் பலன் குறையும்.

பாக்கெட்டுகள் வெவ்வேறு அளவில் வருவதால், அதில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ, அந்த அளவில் முழு பாக்கெட்டையும் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். இட்லி கல்லு மாதிரி ஆனால் அடுத்த தடவை சரி பண்ணிக்கலாம். இங்கே அந்த வாய்ப்பு கிடையாது.