இழுப்பதும் சுமப்பதும்

அமெரிக்கப் பயண டிரெய்லர்களின் வரலாற்றைப் புரட்டும் எவர் கண்ணிலும் தவறாமல் படும் புகைப்படம் ஒன்று உண்டு. 1947ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அல்ஃபிரட் லெதூர்னேர் என்ற பிரெஞ்சு சைக்கிள் பந்தய வீரர், ஏர்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் பளபளக்கும் அலுமினிய டிரெய்லர் ஒன்றைத் தம் சைக்கிளின் பின்னால் கட்டி இழுத்துச் செல்கிறார். தங்கள் டிரெய்லர் எத்தனை இலேசானது என்று காட்ட அந்நிறுவனம் செய்த விளம்பரம் அது. அதில் பொய் எதுவுமில்லை. சமதளத்தில், நன்றாகச் சுழலும் சக்கரங்கள் மீது நிற்கும் ஒரு வீட்டை மனிதனின் கால்வலிமை நகர்த்திவிடும். ஆனால் அதை எப்படி நிறுத்துவது, மலைச்சரிவில் எப்படி இறக்குவது, பக்கவாட்டில் காற்று அடித்தால் என்ன செய்வது என்ற கேள்விகளுக்குப் படத்தில் விடையில்லை. டிரெய்லரை இழுக்க எந்த வண்டியை வாங்குவது என்று யோசிக்கும் அமெரிக்கக் குடும்பம் ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக எதிர்கொண்டு வருவது இந்தக் கேள்விகளைத்தான்.

தொடக்கத்தில் இந்த யோசனைக்கே இடமில்லை. வீட்டில் இருந்தது ஒரு கார், பெரும்பாலும் ஃபோர்டின் மாடல் டி. அதன் எஞ்சின் 20 குதிரைத் திறன் கொண்டது. 1919இல் ஃப்ளோரிடாவின் டாம்பா நகரில் ஒன்றுகூடித் தங்களைத் 'தகர டப்பா சுற்றுலாப் பயணிகள்' என்று அழைத்துக்கொண்டவர்கள் இத்தகைய கார்களில் வந்தவர்களே. கூடாரத்தையும் படுக்கையையும் காரிலேயே கட்டிக்கொண்டு வந்தவர்கள் சிலர், சிறு டிரெய்லரைத் தாமே செய்து பின்னால் மாட்டியவர்கள் சிலர். டெட்ராய்ட்டைச் சேர்ந்த ஆர்தர் ஷெர்மன் அடிப்படையில் நுண்ணுயிரியல் அறிஞர். குடும்பத்தோடு முகாமுக்குச் செல்லத் தாம் செய்துகொண்ட டிரெய்லரைப் பின்னர் விற்பனைக்குத் தயாரிக்கத் தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'கூண்டு வண்டி'. மேற்கு நோக்கிச் சென்ற முன்னோடிகளின் நினைவு அந்தப் பெயரில் ஒட்டிக்கொண்டிருந்தது. 1930களின் நடுவில் டிரெய்லர் மோகம் உச்சத்தை எட்டியபோது, இன்னும் இருபதாண்டுகளில் அமெரிக்கர்களில் பாதிப்பேர் டிரெய்லரில்தான் வாழ்வார்கள் என்று ரோஜர் பாப்ஸன் என்ற பொருளாதார ஆரூடக்காரர் சொன்னார். அது பலிக்கவில்லை என்பது வேறு கதை.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அன்று டிரெய்லருக்காக யாரும் கார் வாங்கவில்லை. கார் எதைத் தாங்குமோ அதற்கேற்பத்தான் டிரெய்லர் செதுக்கப்பட்டது. லிண்ட்பெர்க் 1927இல் அட்லாண்டிக்கைக் கடந்த விமானத்தின் கட்டுமானத்தை மேற்பார்வையிட்ட ஹாலி பவுலஸ், 1934இல் விமான உடலைப்போல அலுமினியத் தகடுகளை ஆணியறைந்து ஒரு டிரெய்லரை உருவாக்கினார். வாலி பையமின் ஏர்ஸ்ட்ரீம் 1936இல் அதே வழியில் 'கிளிப்பர்' என்ற மாதிரியை வெளியிட்டது. காற்றைக் கிழிக்கும் வடிவமும் எடைக் குறைப்பும் வெறும் அலங்காரங்கள் அல்ல. வலுக்குறைந்த குடும்பக் காரின் மீது வைக்கப்பட்ட கரிசனம் என்றே அவற்றைச் சொல்லவேண்டும்.

போருக்குப் பின் நிலைமை மாறியது. எட்டு சிலிண்டர் எஞ்சின்கள் சாதாரணக் குடும்பத்துக்கும் எட்டின. 1956ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலங்களை இணைக்கும் விரைவுச்சாலைகளுக்கு வழிவகுத்தது. நீண்ட உடலும் பின்கதவும் கொண்ட ஸ்டேஷன் வாகன் நடுத்தர வர்க்கத்தின் குடும்ப வண்டியானது. டிரெய்லருக்குள் குளியலறை வந்தது, குளிர்பதனப் பெட்டி வந்தது, தண்ணீர்த் தொட்டி வந்தது. ஒவ்வொரு வசதியும் எடையாக வந்து சேர்ந்தது.

இந்தக் காலத்தின் மனநிலையை வின்சென்ட் மின்னெல்லி இயக்கிய 'தி லாங், லாங் டிரெய்லர்' (1954) என்ற நகைச்சுவைப் படம் அழகாகப் பிடித்திருக்கிறது. லூசில் பாலும் டெஸி ஆர்னாஸும் புதுமணத் தம்பதியர். 36 அடி நீள டிரெய்லர் ஒன்றை மெர்க்குரி காரின் பின்னால் மாட்டிக்கொண்டு புறப்படுகிறார்கள். போகுமிடமெல்லாம் மனைவி நினைவுக்காகக் கற்களைப் பொறுக்கிச் சேர்க்கிறாள். மலையேறும் முன் அவற்றை எறிந்துவிடச் சொல்கிறான் கணவன். அவள் மனம் கேட்காமல் டிரெய்லருக்குள் ஒளித்துவைக்கிறாள். பிறகு மலைப்பாதையில் நேர்வதைப் பார்த்துப் பார்வையாளர்கள் சிரித்தார்கள். ஆனால் அந்தக் கற்களில் ஒரு பொறியியல் உண்மை இருக்கிறது. மயிலிறகை ஏற்றிய வண்டிக்கும் அச்சு முறியும் என்பது தமிழ் வாசகருக்குப் புதிய செய்தி அல்ல.

அந்த உண்மையைச் சற்று விளக்கமாகப் பார்க்கலாம். டிரெய்லர் தன் எடை முழுவதையும் தன் சக்கரங்கள் மீதே வைத்துக்கொள்வதில்லை. அதில் ஒரு பங்கு, பொதுவாக நூற்றுக்கு 10 முதல் 15 வரை, முன்னால் போகும் வண்டியின் கொக்கியின் மீது அமரவேண்டும். அதைவிடக் குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் பாம்புபோல் நெளியத் தொடங்கும். அந்த நெளிவு முற்றினால் வண்டியையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். கூடினால் வண்டியின் பின்புறம் தாழ்ந்து முன்சக்கரங்கள் தரையின் பிடியை இழக்கும். ஆக, இழுக்கும் வண்டி டிரெய்லரை இழுப்பதோடு நிற்பதில்லை. அதைச் சுமக்கவும் செய்கிறது. இழுப்பது எஞ்சினின் வேலை. சுமப்பது அச்சு, வில், டயர், சட்டகம் ஆகியவற்றின் வேலை. பழைய ஸ்டேஷன் வாகன்களில் பெரும்பாலானவை தனி இரும்புச் சட்டகத்தின் மேல் உடலை அமர்த்தி, பின்சக்கரங்களால் ஓட்டப்பட்டவை. இந்த வேலைக்கு அவை பொருத்தமாக அமைந்தது ஓரளவு தற்செயல்தான்.

அந்தத் தற்செயலை 1973இன் எண்ணெய்த் தடை முடிவுக்குக் கொண்டுவந்தது. 1975 டிசம்பரில் நிறைவேறிய எரிசக்திச் சட்டம், கார் உற்பத்தியாளர்கள் விற்கும் வண்டிகளுக்குச் சராசரி எரிபொருள் சிக்கன அளவை விதித்தது. 1978 மாதிரிக் கார்களுக்குக் கேலனுக்கு 18 மைல், 1985இல் 27.5 மைல். விவசாயிகளும் கைவினைஞர்களும் வேலைக்குப் பயன்படுத்துபவை என்ற எண்ணத்தில் இலகு ட்ரக்குகளுக்குத் தனியாகத் தளர்ந்த அளவு வைக்கப்பட்டது. கார்கள் சிறுத்தன. பலவற்றில் சட்டகம் மறைந்தது, இயக்கம் முன்சக்கரங்களுக்கு மாறியது. கொக்கியின் எடை பின்னால் அழுத்தும்போது பிடியிழப்பவை முன்சக்கரங்கள். வண்டியைத் திருப்புவதும் அவைதான், ஓட்டுவதும் அவைதான் என்றாகிவிட்டது.

டிரெய்லர் வைத்திருந்த குடும்பத்துக்கு எஞ்சிய வழி ட்ரக்தான். சபர்பன் போன்ற பெரு வண்டிகளும் பிக்அப்களும் ஒப்பந்தக்காரரின் முற்றத்திலிருந்து குடும்பத்தின் வாசலுக்கு வந்தன. இந்த மாற்றத்துக்கு டிரெய்லர் மட்டும் காரணமல்ல. மலிவான பெட்ரோல், அந்தஸ்து, விளம்பரம் என்று வேறு பல காரணங்களும் உண்டு. ஆனால் அதன் குறியீடாக ஒரு நிகழ்வைச் சொல்லலாம். ஜெனரல் மோட்டார்ஸின் கடைசிப் பெரிய ஸ்டேஷன் வாகன்களைச் செய்துவந்த டெக்ஸாஸின் ஆர்லிங்டன் ஆலை 1996 இறுதியில் அவற்றை நிறுத்திவிட்டு, ட்ரக் வகை வண்டிகளுக்கென மாற்றியமைக்கப்பட்டது. எரிபொருளைச் சேமிக்க எழுதப்பட்ட சட்டத்தின் இடைவெளி வழியாகவே குடும்பம் மேலும் கனமான வண்டிக்குள் ஏறியது. இன்று அமெரிக்காவில் விற்கும் புதிய இலகு வாகனங்களில் நான்கில் மூன்றுக்கும் மேற்பட்டவை ட்ரக் வகைக் கணக்கில் வருபவை.

பிறகு எண்களின் போட்டி தொடங்கியது. எங்கள் வண்டி இத்தனை ஆயிரம் பவுண்டு இழுக்கும் என்று ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்த அளவுகோலால் அளந்து அறிவித்தது. 2008இல்தான் வாகனப் பொறியாளர் சங்கம் ஜே2807 என்ற பொது அளவுகோலை வெளியிட்டது. அரிஸோனாவின் டேவிஸ் அணைக்கருகே 11 மைலுக்கும் அதிகமாக நீளும் ஏற்றத்தில், கோடை வெப்பத்தில், குளிர்சாதனத்தை முழுதாக இயக்கியபடி, குறிப்பிட்ட வேகத்துக்குக் குறையாமல் ஏறவேண்டும் என்பது அதன் சோதனைகளில் ஒன்று. டொயோட்டா தன் டண்ட்ரா ட்ரக்குக்கு அதை முதலில் ஏற்றபோது, அறிவித்திருந்த இழுதிறன் சில நூறு பவுண்டு குறைந்தது. எனினும் அந்தச் சோதனை கணக்கில் கொள்வது தலா 150 பவுண்டு எடையுள்ள இருவரை மட்டுமே. பின்னிருக்கைக் குழந்தைகளும் நாயும் சைக்கிள்களும் அதில் இல்லை.

ஆகவே வாங்குபவர் முதலில் படிக்கவேண்டியது விளம்பரப் பலகையின் பேரெண்ணை அல்ல. ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சிறு தாளை. ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று அது சொல்லும். 1,400 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். டிரெய்லரின் எடை 6,000. அதில் நூற்றுக்கு 13 பங்கு கொக்கியில் அமர்ந்தால் 780. கொக்கி அமைப்பின் எடை 80. எஞ்சுவது 540. தாய், தந்தை, இரு பிள்ளைகள் அமர்ந்ததும் கணக்கு ஏறக்குறைய முடிந்துவிடும். 9,000 பவுண்டு இழுக்கும் என்று அறிவிக்கப்பட்ட வண்டி 6,000 பவுண்டிலேயே நிரம்பிவிடுகிறது. டிரெய்லருக்குத் தனி பிரேக் இருக்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும். பல மாநிலங்களில் 3,000 பவுண்டுக்கு மேற்பட்டவற்றுக்கு அது சட்டப்படி கட்டாயம்.

மின் ட்ரக்குகள் வந்தபின் பழைய பாடம் மீண்டும் முகம்காட்டுகிறது. அவற்றின் இழுவிசைக்குக் குறைவில்லை. ஆனால் உயரமான டிரெய்லரை மாட்டியதும் ஒரு மின்னேற்றத்தில் செல்லும் தூரம் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. பெட்ரோல் மலிவாக இருந்த நாட்களில் மறந்துபோன காற்றின் எதிர்ப்பு மறுபடி கணக்குப் புத்தகத்துக்குத் திரும்பியிருக்கிறது. ஆகவே டிரெய்லர் செய்பவர்கள் மீண்டும் எடையையும் வடிவத்தையும் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள்.

வீட்டுக்கேற்ற வண்டியைத் தேடுவது என்பது போருக்குப் பின் வந்த பழக்கம். வண்டிக்கேற்ற வீட்டைச் செய்வதே அதற்கு முந்தைய மரபு. எரிபொருளும் சாலையும் உயிரும் எல்லையுள்ளவை என்று ஒப்புக்கொள்ளும் குடும்பம், எத்தனை பெரிய வண்டி தேவை என்பதைவிட எத்தனை சிறிய வீடு போதும் என்றுதான் முதலில் கேட்கும்.