திண்டிவனத்து விதையை விடாத கைகள்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னாற்காட்டு மல்லாட்டை (நிலக்கடலை) புதுச்சேரியில் கப்பலேறி, பிரான்சின் மார்செய் எண்ணெய் ஆலைகளுக்குப் போனது. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துப் புன்செய்களுக்கு ரொக்கம் கொண்டுவந்த பயிர் அது.

திண்டிவனம் ஆராய்ச்சி நிலையம் 1940-இல் டி.எம்.வி. 2 ரகத்தைத் தந்தது. குடியாத்தம் கொத்து ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்தது. ஏறத்தாழ 105 நாளில் பிடுங்கிவிடலாம். பிறகு கூடுதலாக விளையும் ரகங்கள் எத்தனையோ வந்தன. ஆனாலும் 2000-க்குப் பிறகும் ஆந்திரத்து அனந்தப்பூரிலும் கர்நாடகத்திலும் இதையே விதைத்தார்கள்.

இதைப் பிடிவாதம் என்று ஒதுக்குவது அநியாயம். ஏக்கருக்கு ஐம்பது கிலோ பருப்பாவது விதைக்க வேண்டும். சாகுபடிச் செலவில் பெரும்பங்கு அதற்கே போய்விடும். மழை பொய்த்தால் அத்தனையும் மண்ணோடு போச்சு. பழைய விதை எவ்வளவு தரும், எப்போது கைவிடும் என்பது மானாவாரி விவசாயிக்கு அத்துப்படி. புதியது தரும் நாலு மூட்டை லாபத்தைவிட, அது தவறினால் வரும் நஷ்டமே அவர் மனதில் பெரிதாக நிற்கிறது.

விவசாயி அனுபவத்தில் அறிந்த இதை, அதாவது மனிதருக்கு லாபத்தின் மகிழ்ச்சியைவிட நஷ்டத்தின் வலி பெரிது என்பதை, உளவியலாளர்கள் டேனியல் கானெமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் கோட்பாடாக எழுதியது 1979-இல்தான்.

இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் இந்த அச்சத்தைப் புரிந்து அனந்தப்பூரில் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டார்கள். விவசாயிகளையே தங்கள் வயலில் புது ரகங்களைப் பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்கச் செய்தார்கள். அப்படித் தேறிய ஐ.சி.ஜி.வி. 91114 ரகம் 2006-இல் ஆந்திரத்தில் வெளியிடப்பட்டது.