டீசல் வானுக்கு நாமே ஒயில் மாற்றுவது

மீள்குடியேறிய பின் லீசிங்கில் எடுத்த டீசல் வான் எனது. எஞ்சின் போனால் தவணை கட்ட வழியில்லை. 2022 நெருக்கடியில் செலவு ஏறியபோது நானே ஒயில் மாற்றப் பழகினேன்.

எஞ்சினைச் சற்று ஓடவிட்டு நிறுத்துங்கள். இளஞ்சூட்டில் ஒயில் இலகுவாக வடியும். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்க வேண்டாம், ஸ்டாண்ட் வையுங்கள். ஒயில் வடிக்கும் நட்டுக்குப் புது வாஷர் போடுங்கள். பில்டரைக் கழற்றியதும் பழைய றப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நான் ஒருமுறை பார்க்காமல் புதியதைப் பூட்டினேன், முற்றமெல்லாம் ஒயில். புது வளையத்தில் ஒயில் தடவிக் கையால் இறுக்கினால் போதும். அளவுக்குச் சற்றுக் குறைவாக ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, கொஞ்சம் பொறுத்து அளவுக்கம்பியில் பார்த்து நிரப்புங்கள். கூடினாலும் கூடாது. டீசல் எஞ்சினில் புது ஒயில் விரைவில் கறுக்கும், அது பழுதல்ல.

கழிவு ஒயிலை வேலியோரம் ஊற்றாதீர்கள். யாழ்ப்பாணத்தில் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். ஊற்றியது கிணற்றுக்கு இறங்கும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது பட்ட பாடு தெரியும்தானே. நான் கானில் சேர்த்து, பழைய ஒயில் எடுக்கும் கராஜில் கொடுத்துவிடுகிறேன்.