இரங்கலுக்குள் இருக்கும் மறுப்பு: சுஷாந்த் சிங் ராஜ்புத்தின் மரணமும் மனநோய் குறித்த பொதுமனமும்

ஆய்வுப் பொருள்

2020 ஜூன் 14 அன்று இந்தித் திரைப்பட நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் மும்பை பாந்த்ராவில் தம் இல்லத்தில் இறந்தார். அவருக்கு வயது 34. காவல்துறை அதைத் தற்கொலை என்றது. முதல் சில நாள்களில் மனநலம் குறித்த பேச்சு நாடெங்கும் எழுந்தது. மனச்சோர்வில் இருப்பவர்கள் மனம்விட்டுப் பேச வேண்டும் என்ற வேண்டுகோள் சமூக ஊடகங்களில் பரவியது. இரண்டு மாதங்களுக்குள் அந்தப் பேச்சு ஓய்ந்து, கொன்றது யார் என்ற கேள்வியே ஓங்கி ஒலித்தது. தொலைக்காட்சிகளின் வணிகமும் கட்சிகளின் கணக்குமே இதற்குக் காரணம் என்பார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் வாங்குவோர் இல்லாமல் எந்தச் சரக்கும் விலைபோகாது. மனநோயை நோயாக ஏற்காத பொதுமனம் முன்பே இருந்ததால்தான் கொலைக் கதை எளிதில் வேரூன்றியது என்பது இக்கட்டுரையின் வாதம். இறந்தவரை இகழ்ந்தவர்களும் அவருக்கு நீதி கேட்டவர்களும் இவ்வகையில் ஒரே நிலத்தில்தான் நின்றார்கள்.

கோழை என்றவர்களும் கோழையல்லர் என்றவர்களும்

ஒரு சாரார், பெயரும் பணமும் இருந்தும் வாழத் துணிவில்லாதவர் என்று அவரைப் பழித்தனர். மறுசாரார் கொதித்தெழுந்து, அவர் கோழையல்லர், எனவே இது தற்கொலையாக இருக்க முடியாது என்றனர். பொறியியல் நுழைவுத்தேர்வில் வென்றவர், வானியலில் ஈடுபாடு கொண்டவர், நிறைவேற்ற விரும்பிய ஐம்பது கனவுகளைப் பட்டியலிட்டவர் என்று சான்றுகள் அடுக்கப்பட்டன. 2019இல் வெளியான ‘சிச்சோரே’ படத்தில், தேர்வில் தோற்று உயிரை மாய்த்துக்கொள்ள முயலும் மகனை மீட்கப் போராடும் தந்தையாக அவர் நடித்திருந்தார். அந்தப் படமே பெரிய சான்றாகக் காட்டப்பட்டது.

இவ்விரு நிலைகளையும் தர்க்கமாக எழுதிப் பார்த்தால் ஒற்றுமை விளங்கும். தற்கொலை கோழையின் செயல், இவர் அதைச் செய்தார், எனவே கோழை. இது முதல் நிலை. தற்கொலை கோழையின் செயல், இவர் கோழையல்லர், எனவே அதைச் செய்திருக்க மாட்டார். இது இரண்டாம் நிலை. முடிவுகள் எதிரெதிரானவை, தொடக்கக் கூற்று ஒன்றே. அன்பினால் சொல்லப்பட்டதாலேயே இரண்டாம் நிலையைத் தீங்கற்றதாகக் கருத முடியாது. சிரித்துக்கொண்டும் உழைத்துக்கொண்டும் கடும் மனச்சோர்வைச் சுமப்பவர்கள் பலர். ‘நீ நன்றாகத்தானே இருக்கிறாய்’ என்று பிறர் சொல்ல நாள்தோறும் கேட்கும் அவர்களின் துன்பத்தை, நம்பத்தகாதது என்று அந்த வாதம் தள்ளிவிடுகிறது.

குற்றவாளியைத் தேடிய துக்கம்

மகனை இழந்த தந்தை கேள்வி கேட்பது இயல்பு. அதைச் சட்டமும் மதிக்கிறது. தந்தையின் புகாரில் 2020 ஜூலை 25 அன்று பாட்னாவில் வழக்குப் பதிவானது. ஆகஸ்ட் 19 அன்று உச்ச நீதிமன்றம் விசாரணையை சிபிஐயிடம் விட்டது. இதற்கு இணையாகப் பொதுவெளியில் நடந்ததுதான் நம் ஆய்வுக்குரியது. நடிகரின் தோழி ரியா சக்கரவர்த்தி செய்வினை வைத்து அவர் மனத்தைக் கெடுத்தார் என்ற பழி பரவியது. நோய் என்ற விளக்கத்தை வெளியேற்றினால், காலியான அந்த இடத்தில் சூனியமும் வந்து அமரும் என்பதற்கு இது கண்கூடான சான்று. செப்டம்பர் 8 அன்று போதைப்பொருள் வழக்கொன்றில் ரியா கைதானார். அக்டோபர் 7 அன்று பிணையில் வந்தார்.

மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ட்விட்டர், யூடியூப் பதிவுகளை ஆராய்ந்து, இவ்வழக்கைப் பற்றிப் பேசியவர்களுக்குப் பிற பொருள்களில் கிடைக்காத அளவு கவனம் கிடைத்ததையும், தற்கொலை என்பதைக் கொலை என்று திருப்பியதில் அரசியல்வாதிகளுக்குப் பெரும்பங்கு இருந்ததையும் காட்டினர். எய்ம்ஸ் மருத்துவக் குழு கொலைக்கான வாய்ப்பை மறுத்தது. 2025 மார்ச்சில் சிபிஐ தன் நிறைவு அறிக்கையைத் தாக்கல் செய்தது. அதற்குள் ஒரு பெண்ணின் வாழ்வில் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் போய்விட்டன.

அமெரிக்காவில் அதே தர்க்கம்

இது இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. 2014 ஆகஸ்ட் 11 அன்று நகைச்சுவை நடிகர் ராபின் வில்லியம்ஸ் தற்கொலை செய்துகொண்டபோது, ஊரைச் சிரிக்கவைத்தவரா இப்படிச் செய்தார் என்றே அமெரிக்கா வியந்தது. ஓர் அனிமேஷன் படத்தில் அவர் குரல் கொடுத்த பூதம் விடுதலை பெற்றுவிட்டதாகச் சொன்ன ஆஸ்கர் அகாதெமியின் ட்விட்டர் இரங்கலை லட்சக்கணக்கானோர் பகிர்ந்தனர். சாவை விடுதலையாகக் காட்டுவது ஆபத்தானது என்று தற்கொலைத் தடுப்பு வல்லுநர்கள் எச்சரித்தனர். அவர்களின் அச்சம் மிகையன்று. அந்த ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை அமெரிக்காவில் எதிர்பார்க்கக்கூடிய அளவைவிட 1,841 தற்கொலைகள் கூடுதலாக நிகழ்ந்தன என்று 2018இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. இது ஏறத்தாழ 10 விழுக்காட்டு உயர்வு.

பிணக்கூறாய்வில் அவர் மூளையில் புரதப் படிவுகளால் வரும் லூவி உடல் நோய் பரவியிருந்தது தெரியவந்ததும் பொதுப்பேச்சு மாறியது. மனச்சோர்வல்ல, மூளைநோய் என்று பலர் நிம்மதி கொண்டனர். அந்த நிம்மதியை ஐயத்தோடுதான் பார்க்க வேண்டும். நுண்ணோக்கியில் தெரிந்தால் நோய்; தெரியாவிட்டால் குணக்கேடு என்ற பாகுபாடு அதனுள் இருக்கிறது. அங்கே கண்ணுக்குத் தெரிந்த புரதப் படிவும், இங்கே கைதுசெய்யத்தக்க ஒரு மனிதரும் மனநோய்க்கு மாற்றாகத் தேவைப்பட்டனர்.

சமூகக் காரணங்கள் பற்றிய மறுப்புரை

எல்லாவற்றையும் நோய் என்றால், அவர் சாவுக்குக் காரணமாகப் பேசப்பட்ட திரையுலக வாரிசுகளின் ஆதிக்கமும் புறக்கணிப்பும் தப்பிவிடாவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நோய் வெற்றிடத்தில் வளர்வதில்லை. தொழில் நெருக்கடியும் தனிமையும் அதைத் தூண்டும், தீவிரமாக்கும். ஆகவே சமூக விமர்சனத்தைக் கைவிட வேண்டியதில்லை. கைவிட வேண்டியது ஒரு சாவுக்கு ஒரே காரணம் தேடும் பழக்கத்தை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2020இல் 1,53,052 தற்கொலைகளைப் பதிவுசெய்து, அவற்றில் 33.6 விழுக்காட்டுக்குக் குடும்பப் பிரச்சினையும் 18 விழுக்காட்டுக்கு நோயும் காரணம் என்று தனித்தனியே பிரித்தது. நோயுற்றவர் குடும்பப் பிரச்சினையிலும் உழன்றிருக்கக்கூடும் என்பதற்கு இந்தப் பகுப்பில் இடமில்லை. அரசுப் பதிவேடே இப்படிப் பிரிக்கும்போது பொதுமக்களை மட்டும் குறைசொல்வது பொருந்தாது.

பேசச் சொன்ன சமூகம்

மனம்விட்டுப் பேசுங்கள் என்று வேண்டியவர்களின் கண்முன்னேதான் நடிகரின் மருந்துச்சீட்டுகளும் தனிப்பட்ட வாட்ஸ்அப் உரையாடல்களும் தொலைக்காட்சித் திரைகளில் ஓடின. இறந்தவரின் உடலைக் காட்டும் படங்களைப் பகிர வேண்டாமென்று மகாராஷ்டிர சைபர் காவல்துறை அவர் இறந்த அன்றே எச்சரிக்க வேண்டியிருந்தது. சட்டத்தில் குறையில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறுவோரின் தகவல்களை அவர்கள் இசைவின்றி ஊடகங்களுக்கு வெளியிடுவதைத் தடுக்கிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளச் சொல்கிறது. இந்தியப் பத்திரிகை மன்றம் 2019 செப்டம்பரிலேயே, தற்கொலைச் செய்தியைப் பரபரப்பாக்கக் கூடாது, முறையை விவரிக்கக் கூடாது என்று நெறிகள் வகுத்திருந்தது.

2021 ஜனவரி 18 அன்று மும்பை உயர் நீதிமன்றம் இவ்வழக்கின் ஊடக விசாரணையைக் கடிந்து தீர்ப்பளித்தது. தற்கொலைச் செய்திகளில் இறந்தவரை மனவுறுதி அற்றவராகச் சித்திரிப்பதும் அவரது அந்தரங்கத்தில் நுழைவதும் தவிர்க்கப்பட வேண்டியவை என்றது. இத்தீர்ப்பை ஊடகங்களுக்கான கண்டனம் என்று மட்டும் படிக்கக் கூடாது. கோழைத்தனம் என்ற தொடக்கக் கூற்றையே நீதிமன்றம் சுட்டியிருக்கிறது.

மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, நோயின் வகைக்கேற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் வரை சிகிச்சை பெறுவதில்லை. மருத்துவர் பற்றாக்குறையும் செலவும் இதற்குக் காரணங்கள். அம்பலப்படுவோம் என்ற அச்சமும் காரணம். 2020இல் அந்த அச்சம் ஆதாரமற்றதன்று என்று நாடே மெய்ப்பித்துக் காட்டியது.

முடிவுரை

டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் (14416) 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது. அதை அழைக்கும் துணிவு நோயுற்றவருக்கு வர வேண்டுமானால், நாம் பிரபலங்களின் சாவைப் பேசும் விதம் மாற வேண்டும். அவர்களின் துணிவுக்குச் சான்றிதழ் தருவதை நிறுத்துவோம். இதயநோயில் இறந்தவரைக் கோழை என்போரும் இல்லை, கோழையல்லர் என்று வாதாடுவோரும் இல்லை. மனநோயாளிக்கும் அந்தச் சாதாரண மரியாதை உரியது. இறந்தவரைப் பற்றி நாம் சொல்வது இனி அவர் காதில் விழாது. அதே நோயோடு நம்முடன் வாழ்பவர்களின் காதில் விழும். இரங்கல் எழுதுவோரும் செய்தி வாசிப்போரும் அவர்களையே கேட்போராக நினைத்துப் பேசக் கடமைப்பட்டவர்கள்.