திருச்சிராப்பள்ளியில் செவித்திறன் குறையுடையோருக்கான ஆதரவு

திருச்சிராப்பள்ளியில் செவித்திறன் குறையுடையோருக்கான ஆதரவு என்பது திருச்சிராப்பள்ளி மாநகரிலும் அதன் பகுதியான திருவரங்கத்திலும் (ஸ்ரீரங்கம்) காது கேளாதோருக்கும் கேட்கும் திறன் குறைந்தோருக்கும் கிடைக்கும் மருத்துவம், கல்வி, அரசு உதவி, சட்ட உரிமை ஆகியவற்றைக் குறிக்கும். பிறவியிலேயே கேளாத குழந்தை, ஆலை இரைச்சலால் செவித்திறன் இழந்த தொழிலாளி, முதுமையில் கேட்கும் திறன் குறைந்தவர் ஆகிய மூவரின் தேவைகளும் வேறுபட்டவை. அரசின் உதவிகளில் பெரும்பாலானவை சான்றிதழை அடிப்படையாகக் கொண்டவை. எனவே, குறைபாட்டின் அளவை அறிவது இவ்வுதவிகளைப் புரிந்துகொள்வதற்கு இன்றியமையாதது.

பெயர் வழக்கு

பேச்சு வழக்கில் உள்ள "செவிடு", "ஊமை" போன்ற சொற்கள் இழிவாகக் கருதப்படுவதால் எழுத்து வழக்கில் தவிர்க்கப்படுகின்றன. தமிழக அரசு ஆவணங்களில் "மாற்றுத்திறனாளிகள்" என்ற பொதுச்சொல்லும், "செவித்திறன் குறையுடையோர்" என்ற சொல்லும் வழங்குகின்றன. பிறவியில் கேளாதோரில் பலர் பேச்சுறுப்புகளில் குறை இல்லாதவர்கள். பேச்சைக் கேட்காததாலேயே அவர்கள் பேசக் கற்பதில்லை.

அளவீடு

கேட்கும் திறன் டெசிபெல் என்னும் அலகால் அளக்கப்படுகிறது. நன்கு கேட்கும் காதில் 35 டெசிபெல்லுக்கு மேற்பட்ட இழப்பு இருந்தால், அதனை வாழ்க்கையைப் பாதிக்கும் இழப்பாக உலக சுகாதார அமைப்பு கருதுகிறது. உலகில் 43 கோடிக்கும் மேற்பட்டோருக்கு மறுவாழ்வு உதவி தேவை என அவ்வமைப்பின் 2021ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிட்டது.

இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 வேறு எல்லையை வகுக்கிறது. பேச்சு ஒலிகளின் அதிர்வெண்களில் இரு காதுகளிலும் 70 டெசிபெல் இழப்பு உடையவர் "காது கேளாதவர்" ஆவார். 60 முதல் 70 டெசிபெல் வரை இழப்பு உடையவர் "கேட்கும் திறன் குறைந்தவர்" ஆவார். ஆகவே 35 டெசிபெல்லுக்கு மேலும் 60 டெசிபெல்லுக்குக் கீழும் இழப்பு உடையோர், அன்றாட உரையாடலில் இடர்ப்பட்டாலும் சட்டத்தின் வரையறைக்குள் வருவதில்லை. ஒரு காது முற்றிலும் கேளாமல் மறு காது நன்கு கேட்பவருக்கும் இதே நிலைதான்.

இந்தியாவில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்குச் செவித்திறன் குறைபாடு உள்ளதாக 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பதிவு செய்தது.

சான்றிதழும் அடையாள அட்டையும்

செவித்திறனை ஆய்வு செய்து மருத்துவக் குழு சான்றளிக்கிறது. சொல்லத் தெரியாத குழந்தைகளுக்கு, ஒலிக்கு மூளைத்தண்டு காட்டும் மின் எதிர்வினையைப் பதிவு செய்யும் சோதனை பயன்படுகிறது. சான்றிதழின் அடிப்படையில் நாடு முழுவதும் செல்லத்தக்க தனித்துவ அடையாள அட்டை வழங்கப்படுகிறது. இதற்கு இணையம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம்.

மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இயங்குகிறது. காதுக்குப் பின் அணியும் காதொலிக் கருவி, கல்வி உதவித்தொகை, திருமண உதவி முதலியவற்றுக்கு இங்கு விண்ணப்பிக்கலாம். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைகளில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் மனு அளிக்கலாம்.

குழந்தைப் பருவம்

குழந்தை மொழியைக் கற்கும் காலம் முதல் சில ஆண்டுகளே. பிறந்து ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் குறை உறுதிப்பாடு, ஆறு மாதத்துக்குள் பயிற்சித் தொடக்கம் என்பது உலக அளவில் ஏற்கப்பட்ட நெறியாகும். "பையன் பேசத் தாமதமாகும், அவன் தாத்தாவும் அப்படித்தான்" என்று வீட்டில் காத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டும் ஈடு செய்ய இயலாத இழப்பாகிறது. நெருங்கிய உறவில் திருமணம் செய்தோரின் குழந்தைகளுக்குப் பிறவிக் கேளாமை நேரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், அக்குடும்பங்களில் இச்சோதனை மேலும் முதன்மை பெறுகிறது.

புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை, 1997இல் தொடங்கப்பட்ட கி. ஆ. பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியுடன் இணைந்தது. இதன் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு மாவட்ட மக்களுக்கான முதன்மை மையமாகும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் (2012), ஆறு வயதுக்கு உட்பட்ட தகுதியுள்ள குழந்தைகளுக்கு உட்செவிச் சுருள் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சைக்கு உதவுகிறது.

இக்கருவியைப் பொருத்தியவுடன் குழந்தை பேசிவிடுவதில்லை. கருவி தரும் ஒலியை மொழியாகப் புரிந்துகொள்ளத் தொடர்ச்சியான கேட்டல், பேச்சுப் பயிற்சி தேவை. இதில் பெற்றோரின் பங்கு பெரிது. கருவியின் வெளிப்பகுதிக்கு மின்கலமும், காலப்போக்கில் பழுது நீக்கமும் உதிரிப் பாகங்களும் தேவைப்படும். பயிற்சிக்காக வாரந்தோறும் நகருக்கு வரும் கிராமத்துக் குடும்பங்களுக்குப் பயணச் செலவும் இழந்த நாட்கூலியும் பெருஞ்சுமையாகின்றன. மாவட்டங்களில் தொண்டு நிறுவனங்கள் மூலம் நடத்தப்படும் ஆரம்பநிலைப் பயிற்சி மையங்கள் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு உதவுகின்றன.

கல்வியும் சைகை மொழியும்

இந்தியாவில் காது கேளாதோர் கல்வி 1885இல் பம்பாயில் தொடங்கப்பட்ட பள்ளியுடன் ஆரம்பமாயிற்று. தமிழகத்தில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புளோரன்சு சுவெயின்சன் என்ற ஆங்கிலேய மறைப்பணியாளர் பாளையங்கோட்டையில் நிறுவிய பள்ளி முன்னோடியாகும். சென்னையில் 1969இல் தொடங்கப்பட்ட பால வித்யாலயா, இளங்குழந்தைகளுக்குப் பேச்சு வழிப் பயிற்சி அளிக்கிறது.

திருச்சிராப்பள்ளியில் 1923இல் நிறுவப்பட்ட ஹோலி கிராஸ் கல்லூரியில் மறுவாழ்வு அறிவியல் துறை உள்ளது. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான மையம் இயங்குகிறது. மாநிலப் பொதுத்தேர்வுகளில் செவித்திறன் குறையுடைய மாணவர்களுக்கு ஒரு மொழிப்பாடத்தில் விலக்கும் கூடுதல் நேரமும் அளிக்கப்படுகின்றன.

பேச்சுப் பயிற்சியா, சைகை மொழியா என்ற விவாதம் கல்வியாளரிடையே நெடுங்காலமாக உள்ளது. இந்தியச் சைகை மொழி தனக்கெனச் சொற்களும் இலக்கணமும் கொண்ட தனிமொழியாகும். அது தமிழையோ இந்தியையோ கையசைவில் பெயர்ப்பது அன்று. இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2015இல் புது தில்லியில் நிறுவப்பட்டது. அது 2018இல் 3,000 சொற்களுடன் வெளியிட்ட அகராதி, 2021இல் 10,000 சொற்களாக விரிந்தது. வீட்டில் ஒருவரும் சைகை அறியாத நிலையில், கேளாத குழந்தை குடும்பத்தின் நடுவிலேயே தனிமைப்படுகிறது.

தொழிற்சாலை இரைச்சல்

பொன்மலை தொடர்வண்டிப் பணிமனை, திருவெறும்பூரில் 1960களில் அமைந்த பாரத மிகு மின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை, அதனைச் சார்ந்த சிறு பற்றவைப்புப் பட்டறைகள் ஆகியவற்றால் திருச்சிராப்பள்ளி ஒரு தொழில் நகரமாகவும் விளங்குகிறது. கொதிகலன் தொழிலுக்கும் செவித்திறன் இழப்புக்கும் உள்ள தொடர்பு பழமையானது. கிளாசுகோ நகர மருத்துவர் தாமசு பார் 1886இல் நூறு கொதிகலன் தொழிலாளர்களைச் சோதித்தபோது, அவர்களுள் ஒருவருக்கும் இயல்பான செவித்திறன் இல்லை எனக் கண்டார்.

இரைச்சலால் உட்செவியின் நுண்மயிர் உயிரணுக்கள் அழிகின்றன. அவை மீண்டும் வளர்வதில்லை. இழப்பு வலியின்றி, பல்லாண்டுகளில் சிறிது சிறிதாக நேர்வதால் தொழிலாளி அதனை உணர்வதில்லை. காதடைப்பான் அணிவதும் ஆண்டுதோறும் செவிச் சோதனை செய்துகொள்வதுமே தடுப்பு வழிகள். இரைச்சலால் நேரும் செவித்திறன் இழப்பு, தொழிற்சாலைகள் சட்டத்தின் அறிவிக்கத்தக்க தொழில்நோய்ப் பட்டியலில் இடம்பெற்றது.

முதுமை

திருவரங்கத்தின் உத்தர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் அடுக்ககங்களிலும் பணி ஓய்வு பெற்றோர் பலர் வாழ்கின்றனர். முதுமையில் செவித்திறன் முதலில் உயர் அதிர்வெண்களில் குறைகிறது. ச, ஸ, ஷ போன்ற ஒலிகள் தெளிவிழக்கின்றன. "காதில் விழுகிறது, என்ன சொல்கிறார்கள் என்றுதான் புரியவில்லை" என்று முதியோர் கூறுவது இதனாலேயே. உரக்கக் கத்துவதால் பயன் இல்லை. முகம் பார்த்து, சற்று மெதுவாக, தெளிவாகப் பேசுவதே உதவும். கோயில் திருவிழாக் காலத்து ஒலிபெருக்கிகளுக்கும் கூட்ட இரைச்சலுக்கும் இடையில் காதொலிக் கருவி அணிந்தவருக்கும் உரையாடல் கடினமாகும்.

இவர்களுள் பலரின் இழப்பு 60 டெசிபெல்லுக்குக் குறைவானதாகையால் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கிடைப்பதில்லை. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள அல்லது குறைந்த வருமானமுடைய 60 வயது நிறைந்தோருக்குக் காதொலிக் கருவி உள்ளிட்ட துணைக்கருவிகளை வழங்கும் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம் (2017) இவ்விடைவெளியை ஓரளவு நிரப்புகிறது. நடுத்தர வருமானக் குடும்பத்தினர் கருவியைத் தம் செலவிலேயே வாங்க வேண்டியுள்ளது. வாங்கிய கருவி பொருந்தாமல் மேசை இழுப்பறையில் கிடப்பதும் உண்டு. செவிச் சோதனைப் பதிவுக்கேற்பக் கருவியை அமைப்பதும், சில வாரப் பழக்கமும் இதனைத் தவிர்க்க உதவும்.

சட்ட உரிமைகள்

2016ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 விழுக்காடு இட ஒதுக்கீடு அளிக்கிறது. அதில் 1 விழுக்காடு காது கேளாதோருக்கும் கேட்கும் திறன் குறைந்தோருக்கும் உரியது. அரசு உயர்கல்வி நிறுவனங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஒதுக்கீடு 5 விழுக்காடாகும். தமிழகத்தில் சாதாரண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகள் 2021 முதல் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர்.

இவற்றையும் பார்க்க

இந்தியச் சைகை மொழி
காதொலிக் கருவி
உலக செவித்திறன் நாள் (மார்ச் 3)
பன்னாட்டுச் சைகை மொழிகள் நாள் (செப்டம்பர் 23)