கேட்க ஆளில்லாத வாக்குறுதி: பிரிட்டனின் 0.7 விழுக்காட்டுச் சட்டம்

செல்வ நாடுகள் தம் தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டை வளரும் நாடுகளுக்கு அளிக்க முயல வேண்டும் என 1970 அக்டோபரில் ஐ.நா. பொதுச்சபை தீர்மானித்தது. அந்தப் பத்தாண்டின் நடுவிலேயே இலக்கை எட்டியிருக்க வேண்டும். 1974இல் சுவீடன் எட்டியது. நெதர்லாந்து, நார்வே, டென்மார்க் பின்தொடர்ந்தன. ஆனால் கொடை நாடுகளின் ஒட்டுமொத்த உதவி 2023இல்கூட 0.4 விழுக்காட்டைத் தொடவில்லை. மனமின்மையே இதற்குக் காரணம் என்பது பரவலான விளக்கம். மனமிருந்த இடத்திலும் வாக்குறுதி ஏன் நிலைக்கவில்லை என்பதற்கு அந்த விளக்கத்தில் விடையில்லை. உதவி பெறுபவருக்கு அதைக் கேட்டுப் பெறும் உரிமை எதுவும் தரப்படவில்லை என்பதே அடிப்படைக் குறை என இக்கட்டுரை வாதிடுகிறது.

இதற்குப் பிரிட்டனே தெளிவான சான்று. 2013இல் இலக்கை எட்டிய அந்நாடு, 2015இல் அதைச் சட்டக் கடமையாகவும் ஆக்கியது. அந்தச் சிறு சட்டத்தை ஊன்றிப் படித்தால் அதன் வலுவின்மை புலப்படும். இலக்குத் தவறினால் அமைச்சர் நாடாளுமன்றத்தில் ஓர் அறிக்கை வைத்துக் காரணம் கூற வேண்டும். பொருளாதார நிலை, நிதி நிலை, வெளிநாட்டுச் சூழல் ஆகியவற்றைக் காரணமாகக் காட்டலாம். கடமை தவறியதால் எந்த நடவடிக்கையும் சட்டவிரோதம் ஆகாது என்று மூன்றாம் பிரிவு வெளிப்படையாகவே கூறுகிறது. ஆகவே, கோவிட் நெருக்கடியைக் காட்டி 2021 முதல் உதவி 0.5 ஆகக் குறைக்கப்பட்டபோது சட்டத்தைத் திருத்தும் தேவையே எழவில்லை. பாதுகாப்புச் செலவுக்காக 2027இல் அது 0.3 ஆகும் என்று 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது.

தொகை குறைந்ததோடு உள்ளடக்கமும் தேய்ந்தது. அகதிகளுக்குக் கொடை நாட்டிலேயே ஆகும் முதலாண்டுச் செலவையும் வளர்ச்சி உதவிக் கணக்கில் சேர்க்கப் பன்னாட்டு விதிகள் இடம் தருகின்றன. 2022இல் பிரிட்டன் காட்டிய உதவித் தொகையில் கால் பங்குக்கும் மேல் இவ்வாறு உள்நாட்டிலேயே செலவானது. அகதிகளைக் காப்பது கடமை. அதன் செலவை ஏழை நாடுகளின் பங்கிலிருந்து எடுப்பது நியாயமாகாது.

நீதிமன்றம் தலையிட முடிந்த இடத்தில் நிலைமை வேறாக இருந்ததை மலேசியாவின் பெர்காவ் அணை வழக்கு காட்டுகிறது. அத்திட்டம் பொருளாதார ரீதியில் சரியல்ல எனப் பிரிட்டனின் வெளிநாட்டு உதவித் துறையின் மூத்த அதிகாரி எதிர்த்தும் 1991இல் அதற்குப் பிரிட்டிஷ் உதவி நிதி அனுமதிக்கப்பட்டது. பிரிட்டனின் தன்னார்வ அமைப்பு ஒன்று வழக்குத் தொடுத்தது. வெளிநாட்டு உதவி பற்றிய 1980ஆம் ஆண்டுச் சட்டம் கூறும் வளர்ச்சி நோக்கத்துக்கு அந்த நிதி பொருந்தவில்லை என்று 1994இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உதவியின் நோக்கத்தை நீதிமன்றத்தில் தட்டிக் கேட்க முடிந்தது. உதவியின் அளவைக் கேட்கும் வாயிலை 2015ஆம் ஆண்டுச் சட்டமே அடைத்துவிட்டது.

நெருக்கடிக் காலத்தில் வரவு செலவைத் தீர்மானிக்கும் அதிகாரம் மக்கள் பிரதிநிதிகளிடமே இருக்க வேண்டும் என்பது வலுவான மறுப்பு. எனினும் கடன் வட்டியையும் ஒப்பந்தக் கடமைகளையும் அதே நாடாளுமன்றம் நெருக்கடியிலும் மதிக்கிறது. உதவியிலும் இத்தகைய பல்லாண்டுக் கடப்பாடு இயலும்: உலக வங்கிக் குழுமத்தின் சர்வதேச வளர்ச்சிச் சங்கத்துக்குக் கொடை நாடுகள் பல ஆண்டுகளில் பணமாக்கத்தக்க புரோநோட்டுகளை அளிப்பதும் நடைமுறையில் உள்ளது.

எனவே மூன்று மாற்றங்கள் தேவை: உள்நாட்டுச் செலவை உதவிக் கணக்கிலிருந்து நீக்குதல், பெறும் நாடுகளோடு பல்லாண்டு ஒப்பந்தம் செய்தல், ஒப்பந்தம் மீறப்பட்டால் முறையிட அந்நாடுகளுக்கு ஒரு நடுவர் மன்றம் அமைத்தல். தடுப்பூசித் திட்டத்தையோ ஆசிரியர் சம்பளத்தையோ இந்த நிதியை நம்பி வகுக்கும் அரசுக்கு, கொடை நாட்டின் நல்லெண்ணத்தைவிடக் கேட்டுப் பெறத்தக்க உறுதியே பயன்படும்.