நிலம் தோண்டியவர்கள் – 14: கீல் பார்த்துக் குலம் சொன்னவர்

காரகோரம் மலையில் நிலவியலாளர் ஸ்டோலிச்காவுக்கு என்ன நேர்ந்தது என்பதை இந்த வாரம் சொல்வதாகச் சொல்லியிருந்தேன். சொல்கிறேன். 1873ல் யார்க்கந்துக்கு இரண்டாவது தூதுக்குழு கிளம்புகிறது. காஷ்கரை ஆண்ட யாகூப் பேக், ரஷ்யாவின் நகர்வு, கல்கத்தாவிலிருந்த பிரிட்டிஷ் அரசின் கலக்கம் எல்லாம் நீங்கள் அறிந்த கதை. நேராகக் குழுவுக்குப் போய்விடலாம்.

தலைவர் டக்ளஸ் ஃபோர்சைத். 1872 ஜனவரியில் மலேர்கோட்லாவில் நாம்தாரி சீக்கியர்களை முறையான விசாரணை கூட இல்லாமல் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தார் கோவன் என்ற அதிகாரி. அவருடைய மேலதிகாரியாக இருந்த ஃபோர்சைத் அதை ஏற்றுக்கொண்டதோடு, இன்னும் சிலரையும் அதே சாவுக்கு அனுப்பினார். கோவனுக்கு வேலை போனது. ஃபோர்சைத்துக்கு இடமாற்றம், மறு ஆண்டே தூதர் பதவி! இவரைத் தீரர் என்று கொண்டாடும் பயண நூல்களைப் படித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்படிப்பட்டவரின் பின்னால் குதிரையேறியவர்தான் நம் ஸ்டோலிச்கா. கல்லும் நத்தையும் பறவையும் சேர்ப்பதற்காகக் குழுவில் எடுத்துக்கொள்ளப்பட்டவர். வயது 35.

அவர் மலையேறுவதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த ஆண்டில்தான் அவருடைய வாழ்நாள் வேலை முடிந்திருந்தது. அந்த வேலையின் மூலப்பொருள் முழுக்க நம் திருச்சி, அரியலூர், புதுச்சேரி பக்கத்து மண்.

கல்லக்குடி என்றதும் நமக்குத் தண்டவாளமும் 1953 போராட்டமும்தான் ஞாபகம் வரும். டால்மியா ஆலை வெட்டியெடுத்த அந்தச் சுண்ணாம்புக்கல், சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கிடந்த கடலின் பவளத்திட்டு. காரையில் மழை அரித்த செம்மண் ஓடைகளில் துப்பாக்கிக் குண்டு போல் கூரான கற்கள் சிதறிக் கிடக்கும். அவை பெலம்னைட், அதாவது கணவாய் மீனின் தூரத்து உறவு ஒன்றின் உள் ஓடு. கருடமங்கலத்துக் கல்லை அறுத்து மெருகேற்றினால் பளிங்குக்குள் சிப்பிகள் தெரியும். கல்லங்குறிச்சியில் மட்டிகள் படுகை படுகையாக அடுக்கியிருக்கின்றன. இன்று அவை சிமெண்டாகி நம் வீட்டுச் சுவருக்குள் போய்க்கொண்டிருக்கின்றன.

இந்தச் சிப்பிகளை முதலில் அள்ளியவர்கள் சென்னை மாகாணத்து அதிகாரிகளான கேயும் கன்லிஃப்பும். பெட்டி கட்டி லண்டனுக்கு அனுப்பினார்கள். 1846ல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அங்கிருந்தபடியே அவற்றை விவரித்தார். இந்திய நிலவியல் துறையை நடத்திய தாமஸ் ஓல்டம் இந்த வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைக்க நினைத்தார். இங்கே கிடைத்ததை இங்கேயே ஆராய்ந்து இங்கேயே அச்சிடுவோம் என்று 1861ல் 'பேலியான்டோலாஜியா இண்டிகா' வரிசையைத் தொடங்கினார். இந்தத் தொடரில் நான் யோசிக்காமல் கைதட்டும் சிலரில் ஓல்டமும் ஒருவர். திருச்சிப் பாறைகளை நடந்து அளந்து ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று மூன்று அடுக்காகப் பிரித்தவர் ஹென்றி பிளான்ஃபோர்ட். அவர் 1862ல் துறையை விட்டுக் கல்லூரிக்குப் போய்விட்டார். பின்னாளில் பருவமழையைக் கணித்துப் புகழ் பெற்றவர் இவரேதான். அவர் விட்ட இடத்தில், அதே ஆண்டு கல்கத்தாவில் வந்து இறங்கினார் மொராவியாவைச் சேர்ந்த ஒரு வனக்காவலரின் மகன், நம் ஸ்டோலிச்கா.

பிறகு பத்தாண்டு உழைப்பு. நான்கு தொகுதிகள், ஏறத்தாழ 1,500 பக்கங்கள். சுருள் ஓட்டு அம்மோனைட்டுகளில் ஆரம்பித்துச் சங்கு நத்தை வகைகளுக்கு வந்து, 1871ல் இரட்டை ஓட்டுச் சிப்பிகளை முடித்தார். என்னைப் பிடித்துவைத்திருப்பது இந்தச் சிப்பித் தொகுதிதான். திருச்சிச் சிப்பிகளை மட்டும் விவரித்திருந்தால் போதும், சம்பளம் வந்திருக்கும். இவரோ உலகத்தில் அதுவரை பெயரிடப்பட்ட சிப்பிப் பேரினங்கள் அத்தனையையும், உயிரோடிருப்பவை, கல்லானவை என்ற வேறுபாடில்லாமல், மறுபரிசீலனை செய்து அதே நூலில் சேர்த்துவிட்டார்.

ஏன் அந்த வீண் உழைப்பு என்று கேட்பவர்கள் கடற்கரையில் ஒரு மட்டி ஓட்டை எடுத்து உட்புறத்தை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். மேல்விளிம்பில் பல்லும் குழியுமாக ஒரு கீல். இரு பக்கமும் மங்கலான இரண்டு தழும்புகள். ஓட்டை இறுக மூடிய தசைகள் ஒட்டியிருந்த இடம். தழும்பு இரண்டையும் இணைத்து ஒரு மெல்லிய கோடு ஓடும். அந்தக் கோடு பின்பக்கம் உள்நோக்கி ஆழமாக மடங்கியிருந்தால், அந்த உயிர் மண்ணுக்குள் புதைந்து கிடந்து, நீண்ட குழாயை மேலே நீட்டித் தண்ணீர் குடித்தது என்று அர்த்தம். சதை போய்ப் பத்துக் கோடி ஆண்டானாலும் கோடு போவதில்லை. வெளித்தோற்றத்தில் அச்சாக ஒன்றுபோலிருக்கும் இரண்டு சிப்பிகளின் கீல் வேறாக இருந்தால், குலமும் வேறுதான்.

சிக்கல் என்னவென்றால், கல்லான சிப்பியின் உள்ளே பாறை அடைத்துக்கொண்டிருக்கும். ஊசி முனையால் துகள் துகளாகச் சுரண்டிக் கீலை வெளியே எடுக்க வேண்டும். கை தவறினால் பல் உடைந்துவிடும். அதன் பிறகும், கீல் சொல்வதைப் புரிந்துகொள்ள உயிருள்ள பிராணியைத் தெரிந்திருக்க வேண்டும். மேல் ஓட்டின் அழகை வைத்துப் பெயர் சூட்டிக்கொண்டிருந்த அலமாரி அறிஞர்களிடம் ஸ்டோலிச்காவுக்கு இல்லாத பொறுமை எனக்கும் கிடையாது. அவர் மௌல்மேனிலும் பினாங்கிலும் நிலத்து நத்தைகளைத் தேடிப்பிடித்து, அறுத்து, குடலும் நாக்குப் பற்களும் வரை பார்த்து எழுதினார். 1873 தொடக்கத்தில் பறவையியலாளர் ஹியூமோடு அந்தமான், நிக்கோபார் தீவுகளுக்கும் ஒரு சுற்று.

இத்தனையிலும் ஒரு குறை. காரையிலும் குன்னத்திலும் வெயிலில் குனிந்து அந்தக் கற்களைப் பொறுக்கிக் கொடுத்த ஊர்க்காரர்களின் பெயரை எந்தத் தொகுதியின் தலைப்பிலும் காணோம். ஸ்டோலிச்காவுக்கோ பெயர் குவிந்தது: ஊட்டத்தூர்ப் பாறையில் கிடைக்கும் ஓர் அம்மோனைட் பேரினத்துக்கு 1875ல் நியூமயர் 'ஸ்டோலிச்கையா' என்று சூட்டினார். பாலைவனத்துச் சிறு பறவை ஒன்றும் அவர் பெயரில் இருக்கிறது.

கடைசித் தொகுதி 1873ல் முடிந்தது. அதே ஆண்டு லடாக் வழியாக மேலே ஏறினார். போகும்போதே நோய் வாட்டியது. திரும்பி வந்திருக்கலாம், வரவில்லை. காஷ்கர் பார்த்து, பாமீர் பார்த்து, திரும்பும் வழியில் 1874 ஜூன் 19 அன்று முர்கோவில் இறந்தார். லேயில் புதைத்தார்கள். அந்தப் பயண மாதங்களையும், அவர் கடைசிவரை எழுதிய நாட்குறிப்பையும் இரண்டு வரியில் முடிப்பது நியாயமில்லை. இங்கோ பக்கம் தீர்ந்துவிட்டது. அடுத்த வாரம் ராவல்பிண்டியிலிருந்து புறப்படுவோம், இந்த முறை சிப்பி பக்கம் திரும்பாமல்.